மந்திரவாதிக்குப் போட்டி ஒரு மேஸ்திரி

மார்க் ட்வைன் 1889 டிசம்பரில் வெளியிட்ட ‘ஆர்தர் மன்னர் அவையில் ஒரு கனெக்டிகட் யாங்கி’யை நம்மில் பலர் பள்ளி வயதில் சுருக்கப் பதிப்பாகத்தான் படித்திருப்போம். கிரகணம், கவசத்துக்குள் புகுந்த ஈ, தூக்குமரத்தடிக்குச் சைக்கிளில் பாய்ந்து வரும் லான்சலாட். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆள் ஒருவன் ஆறாம் நூற்றாண்டில் போய் விழுந்து, தன் கெட்டிக்காரத்தனத்தால் அத்தனை பேரையும் மூக்கறுக்கிறான். அவ்வளவுதான் அந்தக் கதை. முழு நூலிலோ அந்தக் கெட்டிக்காரன் கடைசியில் 25,000 பிணங்களுக்கு நடுவே ஒரு குகையில் சிக்கிக் கிடக்கிறான். சுருக்கியவர்கள் இந்த முடிவு பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று வெட்டியது புரிகிறது. ஆனால் அது திடீரென்று வந்து குதித்த முடிவு இல்லை. முதல் பக்கங்களிலிருந்தே ட்வைன் அதற்கு வழி போட்டுக்கொண்டு வருகிறார். அந்த வழியைப் பிடித்துக்கொண்டு போகத்தான் நூலை வரிசைப்படி எடுத்து இந்த உரையை எழுதுகிறேன். எல்லா அதிகாரத்துக்கும் உரை தேவைப்படாது. சிலவற்றைத் தாண்டிப் போய்விடுவதே ட்வைனுக்கு நாம் செய்யும் உபகாரம்.

வார்விக் கோட்டை

கதை இங்கிலாந்தின் வார்விக் கோட்டையில், சுற்றுலா வந்த கூட்டத்தின் நடுவே தொடங்குகிறது. சாக்ரமோர் என்ற வட்டமேசை வீரரின் பழைய சங்கிலிக் கவசத்தை வழிகாட்டி காட்டுகிறார். அதன் இடது மார்பில் வட்டமாக ஓர் ஓட்டை. துப்பாக்கி வந்த பிறகு, கிராம்வெல்லின் சிப்பாய் எவனாவது விஷமத்துக்குச் சுட்டிருப்பான் என்பது அவர் ஊகம். அந்த ஓட்டையைப் போட்டதே நான்தான் என்று பக்கத்தில் நின்ற அந்நியன் முணுமுணுக்கிறான்.

ஒருவன் காலத்தைத் தாண்டிப் போய் வந்ததற்கு இந்த நூல் காட்டும் முதல் சாட்சி ஒரு தோட்டா ஓட்டை. தந்தியோ பள்ளிக்கூடமோ அச்சு இயந்திரமோ இல்லை. அவை எல்லாம் பின்னால் வந்து, பின்னால் அழிந்தும் போகின்றன. ஓட்டை மட்டும் பதின்மூன்று நூற்றாண்டு நின்றுவிடுகிறது.

அந்நியன் தன் வரலாற்றைச் சொல்லத் தொடங்குகிறான். பெயர் ஹேங்க் மார்கன். அப்பா கொல்லர், சித்தப்பா குதிரை வைத்தியர். இவன் ஹார்ட்ஃபோர்டு நகரின் கோல்ட் ஆயுதத் தொழிற்சாலையில் தலைமை மேற்பார்வையாளன், நம் பேச்சில் சொன்னால் பெரிய மேஸ்திரி. தனக்குச் செய்யத் தெரிந்ததை அடுக்கும்போது துப்பாக்கி, ரிவால்வர், பீரங்கி என்று தொடங்கி, பாய்லர், எஞ்சின் வழியாக, ஆள் உழைப்பை மிச்சப்படுத்தும் இயந்திரங்களில் வந்து முடிக்கிறான். வரிசையைக் கவனிக்க வேண்டும். கையாட்களில் ஒருவனோடு கடப்பாரைச் சண்டையில் இறங்கி மண்டையில் அடிபடுகிறான். கண் விழித்தால் கி.பி. 528. கோல்ட் தொழிற்சாலை கற்பனை இல்லை. ட்வைன் 1871 முதல் குடியிருந்த ஊரிலேயே இருந்தது. கேட்லிங் இயந்திரத் துப்பாக்கிகள் அங்கேதான் தயாராயின. இந்தத் துப்பாக்கியைக் கடைசி அதிகாரத்தில் மறுபடி பார்ப்போம்.

ஹேங்க் கொடுத்துவிட்டுப் போகும் கையெழுத்துப் பிரதிக்கும் ஒரு சொல். துறவிகள் லத்தீனில் எழுதிய பழைய தோல் ஏட்டின் மேல் இவன் தன் கதையை எழுதியிருக்கிறான்; அடியில் பழைய எழுத்து மங்கலாகத் தெரிகிறது. ஆறாம் நூற்றாண்டில் ஹேங்க் போடும் திட்டமும் இதுதான்: திருச்சபை எழுதியதன் மேல் தான் எழுதுவது. அடி எழுத்து முழுக்க அழியவில்லை என்பதையும் ட்வைன் முதலிலேயே சொல்லிவிடுகிறார்.

இந்த நூலுக்குப் பொறி 1884-இல் விழுந்தது. ஜார்ஜ் வாஷிங்டன் கேபிள் என்ற எழுத்தாளரோடு ஊர் ஊராகப் போய் மேடையில் வாசித்துக்கொண்டிருந்த ட்வைனுக்கு, கேபிள்தான் மாலரியின் ஆர்தர் கதைகளை எடுத்துக் கொடுத்தார். அந்த டிசம்பரில் ட்வைன் தன் குறிப்பேட்டில் ஒரு கனவை எழுதி வைத்தார்: கவசம் போட்ட வீரனாக இருக்கிறார், பை கிடையாது, சொறிய முடியவில்லை, ஜலதோஷம் பிடித்தால் மூக்குச் சிந்த வழியில்லை. இந்த வேடிக்கையிலிருந்துதான் நூல் கிளம்பியது. போகப் போகத்தான் அதில் கோபம் சேர்ந்தது.

கிரகணம்

ஹேங்க்கைப் பிடித்து எரிக்கக் கட்டிவைக்கிறார்கள். 528 ஜூன் 21 அன்று முழுச் சூரிய கிரகணம் என்பது அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. அது ட்வைனே படைத்த கிரகணம், பஞ்சாங்கத்தில் தேட வேண்டாம். சூரியனை அணைத்துவிடுவேன் என்று மிரட்டுகிறான். சூரியன் மறைகிறது, அரசர் நடுங்குகிறார், இவன் மந்திரி ஆகிறான்.

கொலம்பஸ் 1504-இல் ஜமைக்காவில் சந்திர கிரகணத்தை வைத்து உள்ளூர் மக்களை மிரட்டி உணவு வாங்கியது வரலாறு. ஹேங்க்கும் அதை நினைத்துக்கொள்கிறான். ரைடர் ஹக்கார்டின் ‘சாலமன் மன்னரின் சுரங்கங்கள்’ 1885-லேயே கிரகணத்தை எடுத்தாண்டுவிட்டது. ஆகவே தந்திரம் பழசு. ட்வைன் அதில் வைத்திருக்கும் திருகல்தான் புதுசு. எரிக்கும் நாளை, அவனோடு பழகிய அரண்மனை ஏவல் பையன் கிளாரன்ஸ் தானே பேசி முன்னுக்கு இழுத்துவிட, ஹேங்க்கின் கணக்குப்படி கிரகணத்துக்கு இன்னும் ஒரு நாள் இருக்கிறது. செத்தோம் என்று அவன் நிற்கும்போதுதான் வானம் இருள்கிறது. கிளாரன்ஸ் முன்பே தேதியைத் தப்பாகச் சொல்லியிருந்தான். அன்றுதான் உண்மையில் 21. விஞ்ஞானம் மூடநம்பிக்கையை வென்றது என்று எடுத்துக்காட்டும் இந்தக் காட்சியில் விஞ்ஞானம் ஒன்றும் செய்யவில்லை. ஒரு பையன் நாளை மறந்ததுதான் செய்தது.

இன்னொன்று. சூரியன் மறைந்ததும் ஹேங்க் கேட்கும் சம்பளம்: நாட்டின் வருமானத்தைத் தன் முயற்சியால் எவ்வளவு கூட்டுகிறானோ, அந்தக் கூடுதலில் நூற்றுக்கு ஒரு பங்கு. கிரகண இருட்டில், சிதையின் மேல் நின்றபடி கமிஷன் பேசுகிறான். குடியரசு, வாக்குரிமை எல்லாம் அவன் வாயில் வருவது பிறகுதான்.

மனிதத் தொழிற்சாலை

அரசவை மந்திரவாதி மெர்லினின் கோபுரத்தை வெடிமருந்தும் இடிதாங்கியும் வைத்துத் தகர்ப்பது அடுத்த ‘அற்புதம்’. பிறகு ஆட்சி. முதல் அரசாங்க வேலையாக ஹேங்க் திறப்பது காப்புரிமை அலுவலகம்! ஹார்ட்ஃபோர்டுக்காரன் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம். அடுத்து பள்ளிக்கூடம், ராணுவப் பயிற்சிக் கல்லூரி, தந்தி, தொலைபேசி. பாமரரை மனிதராக்கி அனுப்பும் இடத்துக்கு அவன் வைக்கும் பெயர்தான் மனிதத் தொழிற்சாலை. திருச்சபைக்குப் பயந்து அத்தனையும் ரகசியமாக நடக்கின்றன. குழாயின் திருகில் கை வைத்துத் தயாராக நிற்கிறேன், நினைத்த கணத்தில் இருண்ட உலகத்தில் வெளிச்சத்தைப் பாய்ச்சிவிடுவேன் என்று பெருமை பேசுகிறான்.

திருகு யார் கையில் இருக்கிறது என்பதே இந்த நூலின் கேள்வி என்று நினைக்கிறேன். ஹேங்க் ஜனநாயகவாதி, ஆனால் எப்போது வெளிச்சம் வர வேண்டும் என்பதை அவன் ஒருவனே முடிவு செய்கிறான். வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவது மெர்லினைவிடப் பெரிய மந்திரவாதி ஒருவன் வந்திருக்கிறான் என்பது மட்டும்தான். அந்த எண்ணத்தை அவன் கலைப்பதே இல்லை, அதை வைத்துத்தான் பிழைக்கிறான்.

இந்த நேரத்தில் ட்வைன் வீட்டிலும் ஒரு திருகு இருந்தது. ஜேம்ஸ் பெய்ஜ் என்பவர் உருவாக்கிய, 18,000 உறுப்புகள் கொண்ட எழுத்துக்கோக்கும் இயந்திரம். அச்சுக் கோப்பாளர்களின் உலகத்தையே அது மாற்றிவிடும் என்று நம்பி ட்வைன் ஆண்டுக்கணக்கில் அதில் பணத்தைக் கொட்டினார். அச்சுக்கூடத்தில் கைத்தொழில் கற்று வளர்ந்தவர் அவர், ஆசை புரிகிறது. நாவலும் இயந்திரமும் ஒரே நாளில் முடிய வேண்டும் என்று விரும்பினார். நாவல் முடிந்தது. இயந்திரம் அடிக்கடி பழுதாகி நின்றது, மெர்கந்தாலரின் லைனோடைப் என்ற போட்டி இயந்திரம் சந்தையைப் பிடித்துக்கொண்டது. இந்த நாவலை வெளியிட்ட அவருடைய சொந்தப் பதிப்பகம் 1894-இல் திவாலானது.

கவசம், பன்றிகள்

சாண்டி என்ற பெண்ணோடு ஹேங்க் பயணம் கிளம்புகிறான். வெயிலில் கவசம் கொதிக்கிறது, கைக்குட்டை தலைக்கவசத்துக்குள் மாட்டிக்கொள்கிறது, உள்ளே புகுந்த ஈ மூக்கில் நடைபழகுகிறது. 1884-இன் கனவு அப்படியே இறங்கியிருக்கிறது. இன்றும் சிரிப்பு வருகிறது. சாண்டி மூச்சு விடாமல் சொல்லும் கதைகள் மட்டும் நீளம். அசட்டுத்தனத்தைக் கிண்டல் செய்ய அதே அளவு அசட்டுத்தனத்தை எழுத வேண்டியதில்லை.

அரக்கர் சிறையிலிருந்து மீட்க வேண்டிய 45 இளவரசிகள் பன்றிகளாக இருப்பது வேறு ரகம். கோட்டை என்பது பன்றிக் கொட்டகை. சாண்டியின் கண்ணுக்கு அவை சீமாட்டிகள். ஹேங்க் வாதாடவில்லை, மொத்தத்தையும் விலைக்கு வாங்கிவிடுகிறான். அவள் ஒவ்வொரு பன்றியையும் மரியாதையோடு அழைத்து வீட்டுக்குள் படுக்க வைக்கிறாள். அவள் பைத்தியம் இல்லை. பிறந்ததிலிருந்து கேட்டதை நம்புகிறாள், அவ்வளவுதான். ஒரு பட்டத்துக்காகத் தலைவணங்குவது எப்படிப்பட்ட செயல் என்பதை ட்வைன் ஒரு பிரசங்கமும் செய்யாமல் சொல்லிவிடும் இடம் இது.

சாலை போடும் ‘சுதந்திரர்கள்’

கூலியில்லாமல் பிரபுவுக்குச் சாலை செப்பனிடும் குடியானவர்களைப் பார்க்கிறான் ஹேங்க். சட்டப்படி அவர்கள் சுதந்திர மனிதர்கள். இங்கே பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றி அவன் சொல்வது நூலின் மிகப் புகழ்பெற்ற பகுதி: பயங்கர ஆட்சி இரண்டு உண்டு, ஒன்று சில மாதம் நடந்து சில ஆயிரம் பேரைக் கொன்றது, மற்றது ஆயிரம் ஆண்டு நடந்து கோடிக்கணக்கில் கொன்றது, முதலாவதற்கு மட்டும் நம்மை அழக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள் என்கிறான்.

இதற்கு உரையாக ட்வைனின் கடிதம் ஒன்றே போதும். 1887-இல் நண்பர் ஹோவெல்ஸுக்கு எழுதுகிறார்: கார்லைல் எழுதிய பிரெஞ்சுப் புரட்சி வரலாற்றை 1871-இல் படித்தபோது தான் மிதவாதிகளான ஜிரோண்டின்களின் பக்கம் இருந்ததாகவும், அடுத்தடுத்துப் படிக்கும்போதெல்லாம் புத்தகம் வேறாகத் தெரிந்ததாகவும், இப்போது மூடும்போது தான் தெருவில் இறங்கிய ஏழைகளின் கட்சி என்று உணர்வதாகவும். கார்லைல் எழுதியதில் ஓர் எழுத்தும் மாறவில்லை, வயதும் வாழ்க்கையும்தான் தன்னை நகர்த்தின என்கிறார். இந்த நாவலை எழுதிக்கொண்டிருந்தபோது எழுதிய கடிதம் இது. யாங்கியும் அதே மாதிரி மறுபடி படிக்க வேண்டிய நூல்தான், ஆனால் இங்கே வயது நம்மைக் கதாநாயகனிடமிருந்து தள்ளிக்கொண்டு போகிறது.

மார்கன் லெ ஃபேயின் சிறை

அழகி, அரசி, கொலைகாரி. தடுமாறி முழங்காலில் பட்டுவிட்ட வேலைக்காரப் பையனைப் பேச்சை நிறுத்தாமலே குத்திப் போடுகிறாள். அவளுடைய பாதாளச் சிறையில் ஹேங்க் 47 பேரை விடுவிக்கிறான். அவர்களில் ஒருவனிடம் ட்வைன் நெடுநேரம் நிற்கிறார். அவனுடைய அறையின் சுவரில் மெல்லிய பிளவு. அதன் வழியாகத் தூரத்தில் அவனுடைய சொந்த வீடு தெரியும். 22 ஆண்டுகள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். அந்த வீட்டிலிருந்து ஐந்து சவ ஊர்வலங்கள் கிளம்பியதைக் கண்டான். மனைவியா, எந்தப் பிள்ளை என்று ஒவ்வொரு முறையும் கணக்குப் போட்டான். உள்ளே மிஞ்சியது ஒரே ஓர் உயிர். அது யார் என்பதே அவனைத் தின்ற கேள்வி. ஹேங்க் அவனை வீட்டுக்குக் கூட்டிப் போனால் அத்தனை பேரும் உயிரோடு இருக்கிறார்கள். ஐந்து ஊர்வலங்களும் அரசி ஜோடித்தவை. மிஞ்சியது யார் என்று அவன் தவிக்கட்டும் என்று ஒன்றை மட்டும் குறைத்து வைத்திருக்கிறாள்.

அரசி செய்ததும் ஒரு ‘காட்சி’தான். தூரத்திலிருந்து பார்ப்பவனுக்காக, அவன் என்ன நம்புவான் என்று கணக்கிட்டு அமைத்த காட்சி. ஹேங்க் செய்வதற்கும் இதற்கும் நோக்கம்தான் வேறு, தொழில் ஒன்று.

அதே கோட்டையில் விருந்தில் வாசித்த இசை சகிக்கவில்லை. இசையமைத்தவனைத் தூக்கிலிட அரசி ஹேங்க்கிடம் அனுமதி கேட்கிறாள். அந்த இசையை மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, மொத்த வாத்தியக் கோஷ்டியையும் தூக்கிலிட அவன் அனுமதிக்கிறான். பிற்பாடு டினடான் என்ற வீரர் பழைய நகைச்சுவை ஒன்றைப் புத்தகத்தில் சேர்த்ததற்காக அவரையும் தூக்கிலிடுகிறான். இரண்டும் சிரிப்புக்காக எழுதியவை, சின்ன வயதில் சிரிக்கவும் வைக்கும். சிறையைத் திறந்துவிடும் கையே இதையும் செய்கிறது என்பதை ட்வைன் ஒரே கூரையின் கீழ் வைத்திருப்பது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

புனித ஊற்று

துறவி மடத்தின் புனித ஊற்று வற்றிவிட்டது. மெர்லின் மூன்று நாள் மந்திரம் சொல்லித் தோற்றுப்போகிறார். ஹேங்க் கிணற்றில் இறங்கிப் பார்க்கிறான்: உட்சுவரில் கல் பெயர்ந்து நீர் கசிந்து போகிறது. கொத்தனார் வேலை, ஒரு ராத்திரியில் அடைத்துவிடலாம். அடைத்தும்விடுகிறான். ஆனால் சொல்லவில்லை. பம்பு வைத்து, கலர் கலராக நெருப்பு விட்டு, வாய்க்குள் நுழையாத நீண்ட ஜெர்மன் சொற்களை மந்திரமாகக் கத்தி, தண்ணீரைப் பீறிடச் செய்கிறான். கூட்டம் கதறி அழுகிறது.

சுவரில் கசிவு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கிருந்த துறவிகளுக்கு ஒரு கிணறும் கொஞ்சம் அறிவும் கிடைத்திருக்கும். அற்புதம் காட்டியதால் கிணறு மட்டும் கிடைத்தது. கல்வி தருவேன் என்று வந்தவன் கல்வி தரக் கிடைத்த மிகச் சுலபமான சந்தர்ப்பத்தை வாணவேடிக்கையாக மாற்றினான். கதைக்குள் இதற்காக யாரும் அவனைக் கேள்வி கேட்பதில்லை.

பக்கத்திலேயே தூண்மேல் நின்று நாள் முழுக்கக் குனிந்து நிமிரும் தவசி ஒருவர். சிரியாவில் ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த சிமியோன் என்ற தூண் துறவியை ட்வைன் இங்கிலாந்துக்குத் தூக்கி வந்துவிட்டார். தகவல் லெக்கி எழுதிய ஐரோப்பிய ஒழுக்க வரலாற்றிலிருந்து. வீணாகப் போகும் இந்த அசைவைப் பார்த்து ஹேங்க் தாங்கமாட்டாமல் தவசியோடு ஒரு தையல் மிஷினைப் பிணைத்துவிடுகிறான். ஐந்து ஆண்டில் 18,000-க்கு மேல் சட்டைகள், நாளுக்குப் பத்து. துறவியைக் கிண்டல் செய்வது போல இருக்கும் இந்த நகைச்சுவை, மனித உடலைப் பார்த்தால் குதிரைத்திறன் மட்டும் தெரிகிற கண்ணையும் சேர்த்தே காட்டுகிறது.

கூலிச் சண்டை

அரசரும் ஹேங்க்கும் குடியானவர் வேடத்தில் போகிறார்கள். டௌலி என்ற கொல்லனோடு ஹேங்க் கூலியைப் பற்றி வாதிடும் அதிகாரத்தை எந்தச் சிறுவனும் படித்திருக்கமாட்டான். இப்போது எனக்கு இது நூலின் சிறந்த நகைச்சுவை. டௌலியின் ஊரில் கூலி இரண்டு மடங்கு, விலைவாசி அதற்கும் மேல். எங்கள் ஊர்க் கூலியில்தான் அதிகம் வாங்கலாம் என்று ஹேங்க் கணக்குப் போட்டுக் காட்டுகிறான். யாருக்கும் ஏறவில்லை. எங்கள் கூலி இரட்டிப்பு, ஆகவே நாங்கள்தான் ஜெயித்தோம் என்கிறார்கள். இது ட்வைன் காலத்து அரசியல் சண்டைதான்: 1888 அமெரிக்கத் தேர்தலே இறக்குமதி வரியைப் பற்றித்தான் நடந்தது. ட்வைன் தடையில்லா வணிகத்தின் பக்கம்.

ஹேங்க் இங்கே அற்புதம் இல்லாமல், வெறும் வாதத்தால் ஒருவனை மாற்றப் பார்க்கிறான். தோற்கிறான். தோற்றதும் என்ன செய்கிறான்? சட்டம் சொன்ன கூலிக்கு மேல் கொடுத்ததாக டௌலியே ஒப்புக்கொண்டதைப் பிடித்துக்கொண்டு, உன்னைத் தண்டனை மரத்தில் மாட்ட முடியும் என்று பயமுறுத்துகிறான். விருந்து அடிதடியாகி, அரசரும் அவனும் அடிமைகளாக விற்கப்படுவதில் போய் முடிகிறது.

அம்மை வீடு

இதற்கு முன்னால் வரும் ஒரு காட்சிக்குத் திரும்ப வேண்டும். திருச்சபையின் சாபத்துக்குள்ளான குடிசை. கணவன் செத்துக் கிடக்கிறான், தாய்க்கும் அம்மை. பரணில் ஒரு மகள் பிணமாக, இன்னொருத்தி சாகும் தறுவாயில். உள்ளே வராதீர்கள் என்று தாய் விரட்டுகிறாள். அரசருக்குத் தொற்றும் என்று தெரியும். ஏணியில் ஏறிப் போய் அந்தப் பெண்ணைக் கைகளில் ஏந்தி இறங்கி வந்து தாயின் பக்கத்தில் கிடத்துகிறார். அரசருக்குச் சிலை வைத்தால் அசுரனைக் கொல்லும் கோலத்தில் வைக்காமல் இந்தக் கோலத்தில் வைக்க வேண்டும் என்று ஹேங்க் நினைத்துக்கொள்கிறான்.

நூல் முழுக்க அரச பதவியைப் போட்டு மிதித்த ட்வைன், நூலின் ஒரே பெரிய செயலை அரசருக்குக் கொடுத்துவிட்டார். அதில் காட்சி இல்லை, பார்க்க ஆள் இல்லை, எந்த லாபமும் இல்லை. ஹேங்க்கால் இதைச் செய்ய முடியாது என்று நான் சொல்லவில்லை. அவனும் உள்ளே போனவன்தான், ஆனால் அவனுக்கு அம்மை ஏற்கெனவே வந்து போயிருந்தது.

பிறகு அடிமைச் சந்தை. அரசர் 7 டாலர், ஹேங்க் 9 டாலர். அரசருக்குச் சங்கிலிகூட அவ்வளவு வலிக்கவில்லை, 7 டாலர் வலிக்கிறது. சிரித்துக்கொண்டே அடுத்த பக்கம் போனால், சூனியக்காரி என்று ஒரு பெண்ணை எரிக்கும் நெருப்பில் அடிமைகளைக் குளிர்காய வைக்கிறான் அடிமை வியாபாரி. சுதந்திர மனிதர் என்று நிரூபிக்க முடியாதவரை விற்கலாம் என்ற சட்டம் தன் காலத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் இருந்ததை ஹேங்க் இங்கே ஞாபகப்படுத்திக்கொள்கிறான். ட்வைன் அடிமை மாநிலமான மிசௌரியில் வளர்ந்தவர். 1861-இல் தெற்குத் தரப்பின் உள்ளூர்ப் படை ஒன்றில் ஏறத்தாழ இரண்டு வாரம் இருந்துவிட்டு நழுவியவர். சித்திரம் வரைந்த டான் பியர்ட் இந்த அடிமை வியாபாரிக்கு அன்றைய ரயில்வே கோடீஸ்வரர் ஜே கூல்டின் முகத்தை வைத்தார். மெர்லினுக்குக் கவிஞர் டென்னிசனின் முகம். புத்தகம் ஆறாம் நூற்றாண்டைப் பற்றியது என்று யாரும் ஏமாந்துவிடக் கூடாது என்பதில் பியர்ட் உறுதியாக இருந்திருக்கிறார்.

சைக்கிளும் ரிவால்வரும்

500 வீரர்கள் சைக்கிளில் வந்து அரசரையும் ஹேங்க்கையும் தூக்குமேடையிலிருந்து காப்பாற்றுவது நூலின் கடைசிக் குதூகலம். அடுத்தே சாக்ரமோருடன் சண்டை. முதலில் கயிற்றுச் சுருக்கு வீசி வீரர்களைக் குதிரையிலிருந்து இழுத்துப் போடுகிறான், அரங்கம் சிரிக்கிறது. மெர்லின் கயிற்றைத் திருடிவிட, ரிவால்வர் வருகிறது. கவசத்தில் ஓட்டை, வார்விக்கில் பார்த்த அதே ஓட்டை. மொத்தமாக வாருங்கள் என்று எல்லாரையும் அழைத்து, ஒன்பது பேர் விழுந்த பிறகே கூட்டம் கலைகிறது.

மூன்று ஆண்டு

அடிமை முறை ஒழிந்தது. பள்ளி, ரயில், தந்தி, தட்டச்சு எல்லாம் வெளியே வந்துவிட்டன. வட்டமேசை பங்குச் சந்தை ஆகிவிட்டது. இந்த இடத்தில் ட்வைன் மாலரியின் கதையை எடுத்து ஒரு திருப்பு திருப்பியிருப்பது அபாரம். ஆர்தர் ராஜ்யம் அழிந்தது அரசி மேல் லான்சலாட் கொண்ட காதலால் என்பது மரபு. காதல் இங்கேயும் உண்டு, ஆனால் அது ஊரறிந்த ரகசியமாகச் சும்மா கிடக்கிறது. லான்சலாட் ஒரு ரயில்வே பங்கை மொத்தமாக வளைத்துப் போட்டு அரசரின் உறவினன் மோர்ட்ரெட்டின் கோஷ்டியைக் கசக்கிப் பிழிகிறார். நஷ்டப்பட்டவர்கள் பழிவாங்கப் போய் அரசரிடம் வத்தி வைக்கிறார்கள், போர் வெடிக்கிறது. ஹேங்க் கொண்டுவந்த நவீனமே தீக்குச்சி கிழித்தது.

ஊரையெல்லாம் ஹார்ட்ஃபோர்டு ஆக்கும் ஆசையைப் பற்றி ட்வைன் பின்னாளில் என்ன நினைத்தார் என்பதற்கு ஒரு தடயம் நம் பக்கத்தில் கிடைக்கிறது. கடன் அடைக்க உலகம் சுற்றி மேடையேறியவர் 1896 ஜனவரியில் கொழும்பில் இறங்கினார். தெருவில் மக்கள் உடுத்தியிருந்த வண்ணங்களில் சொக்கிப்போய் நின்றவரின் முன்னால், மிஷன் பள்ளியிலிருந்து சிறுமிகள் ஐரோப்பிய உடையில் இரண்டிரண்டு பேராக வந்தார்கள். அந்த உடை அவருக்கு அருவருப்பாக இருந்தது; தன் உடையைப் பார்த்துக்கொண்டபோது அதற்கும் வெட்கப்பட்டார். அந்தப் பயண நூலில் இதை எழுதியவரும், கவச வீரர்களின் மேல் சோப்பு விளம்பரப் பலகை மாட்டிவிட்ட யாங்கியை எழுதியவரும் ஒருவரே.

மணற்பட்டைப் போர்

சாண்டியை மணந்து பெற்ற குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று கடற்காற்றுக்காக ஹேங்க் பிரான்சுக்குப் போயிருக்கும்போது திருச்சபை சமயத் தடையாணை போடுகிறது. திரும்பி வந்தால் ஊர் இருண்டு கிடக்கிறது, மின்விளக்கு ஒன்றுகூட எரியவில்லை. மனிதத் தொழிற்சாலையில் செய்த மனிதர்கள் எங்கே? பயம் வந்ததும் பழைய இடத்துக்கே போய்விட்டார்கள். மிஞ்சியது கிளாரன்ஸும் 52 பையன்களும், 14 வயதிலிருந்து 17 வரை. நம்பிக்கை ரத்தத்தில் ஊறும் முன்பே பிடித்து வளர்த்தவர்கள். குடியரசு என்று அறிவித்தபோது ஒரு நாள் ஆரவாரம் செய்த ஜனங்கள், பிரபுவும் பாதிரியும் முறைத்ததும் அடங்கிப் போனார்கள். ஹேங்க் ஒவ்வொரு அற்புதத்திலும் மிச்சம் பிடித்த விளக்கங்களின் பாக்கி இங்கே மொத்தமாக வந்து நிற்கிறது.

குகையைச் சுற்றிப் பன்னிரண்டு மின்கம்பி வேலிகள், வெளியே வெடிமருந்து புதைத்த மணற்பட்டை, 13 கேட்லிங் துப்பாக்கிகள். வேலிக்கு மின்சாரம் கொடுப்பது எப்படி என்று குருவும் சீடனும் பேசும் பகுதியை மெதுவாகப் படிக்க வேண்டும். கம்பியின் இரண்டு பக்கமும் எர்த் கொடுத்திருப்பதாகக் கிளாரன்ஸ் சொல்கிறான். ஹேங்க் திருத்துகிறான்: அப்படிச் செய்தால் கரண்ட் சும்மா ஓடி வீணாகும்; நெகட்டிவ் பக்கம் மட்டும் எர்த் இருக்கட்டும்; குதிரை வந்து மோதும்வரை சக்தியும் செலவில்லை, காசும் செலவில்லை. பையன் புரிந்துகொண்டு ஒப்புக்கொள்கிறான். நல்ல பாடம், பொறுமையான ஆசிரியர், சரியான மின்னியல். நூல் முழுக்க ஹேங்க் ஒரு விஷயத்தை மறைக்காமல், மந்திரம் சொல்லாமல், காரண காரியத்தோடு விளக்கும் இடங்கள் மிகக் குறைவு. அவற்றில் இது ஒன்று. நியூயார்க் மாநிலம் மின்சாரத்தால் மரண தண்டனை நிறைவேற்றச் சட்டம் போட்டது 1888-இல், முதல் ஆளைக் கொன்றது 1890-இல். நாவல் வந்தது இரண்டுக்கும் நடுவே.

திருச்சபையின் பக்கம் திரண்ட வீரர்களின் முதல் அலை மணற்பட்டையோடு வெடித்துப் போகிறது. எத்தனை பேர் என்று எண்ண முடியவில்லை. ஆளாக இல்லாமல், இரும்பும் பித்தானும் கலந்த சதைக் கூழாகத்தான் இருக்கிறார்கள் என்று ஹேங்க் கணக்குப்பிள்ளை பாஷையில் எழுதுகிறான். இரவில் வீரர்கள் சத்தமில்லாமல் கம்பியில் ஒருவர் பின் ஒருவராக ஒட்டிக்கொண்டு சாகிறார்கள். பிறகு பொத்தானை அழுத்துகிறான், ஐம்பது மின் சூரியன்கள் ஒரே நேரத்தில் எரிகின்றன. இருண்ட உலகத்தில் வெளிச்சத்தைப் பாய்ச்சுவேன் என்று முன்பு சொன்ன வாக்கு நிறைவேறும் இடம் இதுதான். வெளிச்சம் வந்தது, குறிபார்க்க. கேட்லிங்குகள் முழங்குகின்றன, ஓடையைத் திருப்பி அகழியில் விடுகிறார்கள், பத்து நிமிடத்தில் முடிந்தது.

பின்குறிப்பு

கடைசிப் பக்கங்களை எழுதுவது கிளாரன்ஸ். அடிபட்டவருக்கு உதவப் போன ஹேங்க்கை அந்த ஆளே குத்திவிடுகிறான். நாவலில் ஹேங்க் எந்தக் கணக்கும் இல்லாமல் செய்த ஒரு காரியம் அவனை வீழ்த்துகிறது. பிணக்குவியலின் நாற்றம் குகைக்குள் பரவி ஒவ்வொருவராகச் சாய்கிறார்கள். வெளியே போனால் எதிரிகள், உள்ளே இருந்தால் தாங்கள் கொன்றவர்களின் காற்று. கிழவி வேடத்தில் வந்த மெர்லின் ஹேங்க்கைப் பதின்மூன்று நூற்றாண்டு தூங்க வைக்கிறார். நூல் முழுக்கப் பித்தலாட்டம் என்று நிரூபிக்கப்பட்ட மந்திரம், இங்கே மட்டும் பலிக்கிறது! ட்வைன் இதற்கு ஒரு விளக்கமும் தருவதில்லை. வெற்றியில் சிரித்துக்கொண்டே மெர்லின் கம்பியில் மோதிச் சாகிறார். இரண்டு வித்தைக்காரர்களும் ஒருவர் கருவியில் மற்றவர் முடிந்தார்கள்.

கிளாரன்ஸின் எழுத்தில் பயமோ வருத்தமோ கிடையாது, ஆபீஸ் குறிப்பு போலச் சுத்தமாக இருக்கிறது. ஆறாம் நூற்றாண்டுக் குறும்புப் பையன் ஒருவனை ஹேங்க் இப்படி ஆக்கியிருக்கிறான். அந்த 52 பேருக்காக ஒரு வரிகூட யாரும் அழவில்லை, ஹேங்க் உட்பட. இப்போது படிக்கையில் என்னை மிகவும் உறுத்துவது அதுதான், 25,000 என்ற எண் இல்லை. அவர்கள் சண்டைக்கு முன் வந்து, இது எங்கள் ஜனங்கள், எங்களால் முடியாது என்று சொன்னவர்கள். பாமர ஜனங்கள் வரமாட்டார்கள், வீரர்கள் மட்டும்தான் வருவார்கள் என்று சமாதானம் சொல்லித்தான் ஹேங்க் அவர்களை இருக்க வைத்தான்.

வார்விக் விடுதியில் ஹேங்க் ஜுர வேகத்தில் சாண்டியையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டே சாகிறான். கடைசி மூச்சிலும் எக்காளம், கோட்டைத் தூக்குப்பாலம் என்று ஏதோ ஒரு காட்சிக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தான் என்று முடிக்கிறார் ட்வைன். நூல் அச்சாகும் நேரத்தில் ஹோவெல்ஸுக்கு எழுதிய கடிதத்தில், சொல்லாமல் விட்டவை இன்னும் உள்ளே எரிகின்றன என்றும், அவற்றை எழுத ஒரு நூலகமும் நரகத்தில் காய்ச்சிய பேனாவும் வேண்டும் என்றும் புலம்பினார். அந்தக் கோபம் யார் மேல் என்று நூலை வைத்துப் பார்த்தால், பாதி திருச்சபைக்கும் பிரபுக்களுக்கும் போகும். மீதியை ஹார்ட்ஃபோர்டு முகவரிக்குத்தான் அனுப்ப வேண்டும்.